கால்குலேட்டர் கம்பெனிகள் கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆனது எப்படி?

“1960களிலும் 70களிலும் எலக்ட்ரானிக் கால்குலேட்டர் விற்ற கம்பெனிகள் பல, கொஞ்ச காலத்திலேயே சின்னக் கம்ப்யூட்டர் விற்க ஆரம்பித்துவிட்டன. நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொழிலை ஏன் விட்டார்கள்? கம்ப்யூட்டர் செய்ய எங்கே கற்றுக்கொண்டார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிலர் விடவே இல்லை. அவர்களுடைய கால்குலேட்டரே வளர்ந்து வளர்ந்து ஒரு கட்டத்தில் கம்ப்யூட்டராக நின்றது. பெயரை மாற்றுவது மட்டும்தான் பாக்கி. இன்னும் சிலரைச் சந்தை கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது. கடனில் மூழ்கிக்கொண்டிருந்தவர்கள் கைக்குக் கிடைத்த கட்டையைப் பிடித்தார்கள். அந்தக் கட்டை கம்ப்யூட்டராக இருந்தது. இரண்டு தரப்புக்கும் பொதுவானது கால்குலேட்டருக்குள் இருந்த சிப். பாலிடெக்னிக்கில் பல வருடம் மைக்ரோபிராசசர் லேப் எடுத்தவன் நான். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் பதில் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் அந்தக் கால கால்குலேட்டரை மனதில் கொண்டுவாருங்கள். 1961ல் இங்கிலாந்தின் பெல் பஞ்ச் கம்பெனி ‘அனிட்டா’ என்ற பெயரில் கொண்டுவந்ததுதான் முழுக்க எலக்ட்ரானிக்காக வேலை செய்த முதல் மேஜைக் கால்குலேட்டர். உள்ளே வால்வுகள். 1964ல் ஜப்பானின் ஹயகவா (இன்றைய ஷார்ப்) டிரான்சிஸ்டரில் ஒன்று செய்தது. எடை 25 கிலோ, விலை 5,35,000 யென். அந்த நாளில் அங்கே ஒரு சின்னக் கார் அந்த விலைக்கு வரும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலுக்கு அவ்வளவு பணம்! அதையும் வங்கிகளும் ஆராய்ச்சிக் கூடங்களும் வாங்கின. பல்சக்கர மெஷினில் கைப்பிடி சுற்றிச் சுற்றி வகுத்தவர்களுக்கு, சத்தமே இல்லாமல் விடை வந்து நிற்பது அவ்வளவு பெரிய நிம்மதி.

இந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? எண்ணை வாங்கும் பொத்தான்கள், எண்ணைப் பிடித்துவைக்க ரிஜிஸ்டர்கள், கூட்டும் சுற்று, எது முன்னால் எது பின்னால் என்று ஆணையிடும் கட்டுப்பாட்டுச் சுற்று, விடை காட்டும் விளக்குகள். கம்ப்யூட்டருக்கு வேண்டியதில் முக்கால்வாசி இங்கேயே வந்துவிட்டது. குறைவது ஒன்றுதான்: நீங்கள் அழுத்திய பொத்தான்களின் வரிசையை அது நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை தானே அழுத்திக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர்தான் புரோகிராம்.

அதை மேஜைமேல் செய்துகாட்டியது இத்தாலியின் ஒலிவெட்டி. டைப்ரைட்டர் கம்பெனியாகத்தான் உலகம் அதை அறிந்திருந்தது. பியர் ஜார்ஜியோ பெரோட்டோ என்ற பொறியாளரின் சின்னக் குழு ‘புரோகிராமா 101’ என்ற மெஷினைச் செய்தது. அதன் மெமரியை நான் மாணவர்களுக்கு விளக்கும்போதெல்லாம் வகுப்பே அமைதியாகிவிடும். ராம் சிப் இல்லாத காலம். சுருட்டிவைத்த நீளமான உலோகக் கம்பி. அதன் ஒரு முனையில் காந்தத்தால் ஒரு சின்ன முறுக்கு கொடுத்தால், அந்த அதிர்வு கம்பி வழியாக ஓடி மறுமுனைக்கு வரச் சில மில்லி செகண்டுகள் ஆகும். வந்ததைப் பிடித்து மறுபடியும் முதல் முனையில் கொடுத்துவிடுவார்கள். அதிர்வு உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0. கிணற்றடியிலிருந்து வீடு வரை வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவதுபோல, எண்கள் கம்பிக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டம் நின்றால் நினைவும் போய்விடும். இப்படி 240 பைட்டு. புரோகிராமை ஒரு காந்த அட்டையில் பதிந்து வைத்துக்கொள்ளலாம்.

1965 அக்டோபரில் நியூயார்க் கண்காட்சியில் அதை வைத்தார்கள். மேஜைக்குக் கீழே எங்கேயோ பெரிய கம்ப்யூட்டர் ஒளிந்திருக்கிறது, அதிலிருந்துதான் ஒயர் வருகிறது என்று பார்க்க வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். விலை 3,200 டாலர். மொத்தம் 40,000க்கு மேல் விற்றது. நாசாவும் வாங்கியது.

ஒலிவெட்டியின் உள் ஆவணங்களில் இது ‘கால்குலேட்டர்’ என்றே இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. 1964ல் ஒலிவெட்டி தன் எலக்ட்ரானிக்ஸ் பிரிவை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்குக்குக் கொடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் என்று எழுதியிருந்த திட்டமெல்லாம் அங்கே போய்விடும். பெரோட்டோ குழுவினர் தங்கள் வேலையைக் காப்பாற்ற, ஆவணங்களில் கம்ப்யூட்டர் என்ற வார்த்தையை எடுத்துவிட்டுக் கால்குலேட்டர் என்று மாற்றிவிட்டதாகக் குழுவில் இருந்த கஸ்தோனே கார்சியேரா பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு வார்த்தை அந்த மெஷினைக் காப்பாற்றியது.

மூன்று வருடம் கழித்து அமெரிக்காவில் ஹியூலெட் பேக்கார்டும் (எச்.பி.) அதே வார்த்தைக்குள் புகுந்துகொண்டது. 1968ல் வந்த எச்.பி. 9100ஏ ஒரு அபாரமான மெஷின். ஒரு ஐ.சி. (சிப்) கூட இல்லை, எல்லாம் தனித்தனி டிரான்சிஸ்டர், டையோடு. டிவி போன்ற சின்னத் திரையில் மூன்று எண்கள் தெரியும். சைன், காஸ், லாக் எல்லாம் ஒரே பொத்தானில். காந்த அட்டையில் புரோகிராம். 4,900 டாலர். அந்த அட்டை விஷயத்தில் ஒலிவெட்டியின் காப்புரிமையை மிதித்துவிட்டதால் எச்.பி. 9 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. இதைக் கம்ப்யூட்டர் என்று சொல்லியிருந்தால், ஐபிஎம் மெஷின் மாதிரி இல்லையே என்று வாங்கும் கம்பெனியின் கம்ப்யூட்டர் நிபுணர்கள் தட்டிக்கழித்திருப்பார்கள். கால்குலேட்டர் என்று சொன்னோம், தொல்லை ஒழிந்தது என்கிற பொருளில் எச்.பி.யைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் ஹியூலெட் பேசியிருக்கிறார்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அன்று கம்ப்யூட்டர் என்றால் தனி அறை, ஏசி, தனி ஆட்கள், பெரிய தலைகளின் கையெழுத்து. கால்குலேட்டர் என்றால் மேஜை, நாற்காலி, டைப்ரைட்டர் வகையில் சேர்ந்த ஆபீஸ் சாமான். ஒரு பொறியாளர் தன் துறைத் தலைவரிடம் கேட்டே வாங்கிவிடலாம். ஒரு மனிதர், ஒரு மேஜை, ஒரு மெஷின் என்ற ஏற்பாடு கம்ப்யூட்டர் உலகத்தில் இல்லை. கால்குலேட்டர் உலகத்தில் இயல்பாகவே இருந்தது. பர்சனல் கம்ப்யூட்டர் ஐபிஎம் மெஷின் சுருங்கி வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். என் கணிப்பில் அது பெரும்பாலும் கால்குலேட்டர் பெருத்து வந்தது. 1972ல் எச்.பி. விற்ற 9830ஏ-யைப் பாருங்கள்: எழுத்துகள் உள்ள முழு விசைப்பலகை, பேசிக் என்ற எளிய புரோகிராம் மொழி, கேசட். இன்று யார் பார்த்தாலும் கம்ப்யூட்டர் என்பார்கள். பெயர்ப்பட்டையில் இருந்தது கால்குலேட்டர்.

அதே காலத்தில் மாசசூசெட்ஸில் ஆன் வாங் என்ற சீன அமெரிக்கர் வேறு வழியில் வந்துகொண்டிருந்தார். ஹார்வர்டில் இயற்பியல் ஆராய்ச்சி செய்தவர். காந்த கோர் மெமரி (சின்னக் காந்த வளையங்களில் 0, 1 சேமிக்கும் முறை) பற்றிய தன் காப்புரிமையை 1956ல் 5 லட்சம் டாலருக்கு ஐபிஎம்முக்கு விற்றவர். 1965ல் அவர் கொண்டுவந்த லோசி-2 கால்குலேட்டரில் ஒரு அழகான யோசனை இருந்தது. பள்ளியில் கிளார்க்ஸ் டேபிள் வைத்துப் பெருக்கியது நினைவிருக்கிறதா? இரண்டு எண்களின் லாக் எடுத்து, கூட்டி, ஆன்ட்டிலாக் பார்த்தால் பெருக்கல் முடிந்தது. வாங் மெஷின் அதைத்தான் செய்தது. பெருக்கல் சுற்று என்று தனியாக வைக்காமல், லாக் கண்டுபிடிக்கும் சுற்றையும் கூட்டும் சுற்றையும் வைத்து ஒப்பேற்றினார். டிரான்சிஸ்டர் ஒவ்வொன்றும் காசு என்றிருந்த நாளில் குறைவான டிரான்சிஸ்டரிலேயே வேலை முடிந்தது. துளையிட்ட அட்டையில் புரோகிராமும் கொடுக்கலாம்.

வாங்கின் கால்குலேட்டர்கள் சக்கைப்போடு போட்டன. அப்படிப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, 1970களின் தொடக்கத்தில், அவர் அந்தத் தொழிலை விட்டு வெளியேற முடிவெடுத்தார். சிப்புகள் வந்துவிட்டால் இது சோப்பு, பற்பசை மாதிரி விலையில் மட்டும் போட்டி போடும் சரக்காகிவிடும் என்று கணக்குப் போட்டார். வருமானத்தின் பெரும்பங்கைக் கொடுத்துக்கொண்டிருந்த சரக்கை, அது ஓடும்போதே விடுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! 1973ல் பேசிக் மொழியில் இயங்கும் வாங் 2200 கம்ப்யூட்டர் வந்தது; ஆபீஸ்களுக்கான வேர்ட் புராசசர் வந்தது. இந்தக் கதையில் வெள்ளம் வருமுன் மேட்டுக்குப் போனவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். (அதே கம்பெனி பின்னாளில் பர்சனல் கம்ப்யூட்டர் வெள்ளத்தில் சிக்கி 1992ல் திவால் மனு போட்டது.)

இனி அந்த வெள்ளம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

ஜப்பானில் பிசிகாம் என்ற கால்குலேட்டர் கம்பெனி. 1969ல் அவர்கள் அமெரிக்காவில் ஆரம்பித்து ஒரு வருடமே ஆன இன்டெலிடம் வந்தார்கள். மெமரி சிப் செய்து பிழைக்கப் பார்த்துக்கொண்டிருந்த சின்னக் கம்பெனி அது. பிசிகாமின் இளம் பொறியாளர் மசாதோஷி ஷிமா கையில் ஒரு டிசைன்: பல சிப்புகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை. இன்டெலின் டெட் ஹாஃப் அதைப் பார்த்து மலைத்துப்போனார். இத்தனை வகைச் சிப்பை டிசைன் செய்ய அவர்களிடம் ஆளே இல்லை. அவர் சொன்ன மாற்று யோசனை: பொதுவான ஒரே ஒரு கணக்குச் சிப் செய்வோம், கால்குலேட்டராக எப்படி நடந்துகொள்வது என்பதை ஒரு மெமரி சிப்பில் புரோகிராமாக எழுதிவைப்போம்.

1970 ஏப்ரலில் ஃபெடரிகோ ஃபாஜின் இன்டெலில் சேர்ந்தார். வேலையில் சேர்ந்த சில நாளிலேயே ஷிமா ஜப்பானிலிருந்து வந்து இறங்கினார், டிசைன் எந்த அளவில் இருக்கிறது என்று சரிபார்க்க. பார்த்தால், அவர் போன பிறகு அங்கே ஒரு துரும்பும் அசையவில்லை. கடும் கோபம். அந்தக் கோபத்தோடு திரும்பிப் போகாமல், மாதக்கணக்கில் கலிபோர்னியாவிலேயே தங்கி ஃபாஜினுடன் உட்கார்ந்து வேலையை முடித்துக்கொடுத்தார். வாடிக்கையாளரே சிப் டிசைன் செய்ய உட்கார்ந்த கதை! அப்படி வந்ததுதான் 4004, அதாவது ஒரே சிப்பில் அடங்கிய கம்ப்யூட்டர் மூளை, மைக்ரோபிராசசர். 2,300 டிரான்சிஸ்டர். 1971 நவம்பரில் இன்டெல் அதை ஊருக்கெல்லாம் விற்பதாக அறிவித்தது.

அறிவிக்க முடிந்ததற்கும் கால்குலேட்டர் சந்தைதான் காரணம். ஒப்பந்தப்படி அந்தச் சிப் பிசிகாமுக்கு மட்டுமே சொந்தம். கால்குலேட்டர் விலை சரிந்துகொண்டிருந்ததால் பிசிகாம் சிப் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டது. சரி, குறைக்கிறோம், வாங்கிய 60,000 டாலரையும் திருப்பித் தருகிறோம். கால்குலேட்டர் அல்லாத வேலைகளுக்கு வேறு யாருக்கும் விற்கும் உரிமையை எங்களுக்கு விடுங்கள் என்றது இன்டெல். பிசிகாம் விட்டுக்கொடுத்தது. 1974ல் பிசிகாம் திவால். ஷிமா அதற்கு முன்பே இன்டெலுக்கு வந்து சேர்ந்து 8080 சிப்பின் டிசைனில் முக்கியப் பங்கெடுத்தார். பிறகு ஜைலாக் என்ற கம்பெனிக்குப் போய் இசட்-80 சிப். இந்த இரண்டு சிப்பையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும். மைக்ரோபிராசசர் பிறந்த வீடே கால்குலேட்டர் வீடுதான் என்பதால், உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுவே பெரிய பாதி பதில்.

மறுபக்கம் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். ஜாக் கில்பியின் குழு 1967லேயே கையில் பிடிக்கும் அளவுக்கு ஒரு மாதிரிக் கால்குலேட்டரைச் செய்துவிட்டது. அந்தக் கம்பெனி முதலில் சிப் விற்கும் கம்பெனியாகவே இருந்தது. அதனிடம் சிப் வாங்கி, பொத்தான், பெட்டி, பேட்டரி சேர்த்துக் கால்குலேட்டராக விற்க ஏகப்பட்ட பேர் முளைத்தார்கள். 1970களின் தொடக்கத்தில் ஒரு பாக்கெட் கால்குலேட்டர் 200 டாலருக்கு மேல் போனது, நல்ல லாபம். 1972ல் டெக்சாஸ் கம்பெனி தானே கால்குலேட்டர் விற்க இறங்கியது.

அந்தக் காலத்துப் பாக்கெட் கால்குலேட்டர் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் என்ன நடந்திருக்கும் என்று உடனே புரியும். நான் மாணவர்கள் முன்னால் கழற்றியிருக்கிறேன். நான்கு திருகாணி. உள்ளே ஒரே ஒரு பெரிய சிப், இரண்டு பக்கமும் கால்கள். சிவப்பு எண்கள் எரியும் எல்இடி வரிசை. எண்கள் கடுகளவு இருக்கும் என்பதால் மேலே பனித்துளி மாதிரி பிளாஸ்டிக் லென்ஸ். பொத்தான்களுக்குக் கீழே மெல்லிய தகடு. பேட்டரிக்கு இரண்டு ஒயர். அவ்வளவுதான்! சிப்பைத் தவிர மற்றதெல்லாம் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். மூளை முழுக்க சிப்பில். சிப் செய்பவன் கையில் லாபம். அவனே முழுச் சாமானும் விற்க வந்தால், அவனிடம் சிப் வாங்கி ஒட்டுபவன் என்ன விலைக்கு விற்பான்? 1975 வாக்கில் கடையில் தொங்கிய டெக்சாஸ் கால்குலேட்டரின் விலை, மற்ற கம்பெனிகளுக்கு உதிரிச் சாமான் வாங்கவே போதவில்லை. அமெரிக்காவில் பாக்கெட் கால்குலேட்டரைப் பிரபலப்படுத்திய போமர் அந்த வருடமே திவால் மனு போட்டது.

நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கியில் எட் ராபர்ட்ஸ் நடத்திய மிட்ஸ் கம்பெனியும் இதில்தான் அடிபட்டது. 1971 நவம்பரில் ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ இதழின் அட்டையில் அவருடைய கால்குலேட்டர் கிட் வந்தது: நீங்களே ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டால் 179 டாலர். சுடச்சுட விற்றது. இரண்டே வருடம். கிட்டைவிடக் கடையில் முழுசாகச் செய்த கால்குலேட்டர் மலிவு என்றாகிவிட்டது. 1974ல் கடன் கால் மில்லியன் டாலரைத் தாண்டிக் கழுத்தை நெரித்தது.

ராபர்ட்ஸ் கைக்கு அந்த வருடம் வந்த இன்டெல் 8080 வந்து சேர்ந்தது. பட்டியல் விலை 360 டாலர். மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன் என்று பேசி 75 டாலருக்கு முடித்தார். இதை வைத்து முழுக் கம்ப்யூட்டர் கிட் விற்கலாம் என்று வங்கியில் போய் நின்றார்; 800 விற்றுவிடுவேன் என்று சொல்லி மேலும் 65,000 டாலர் கடன் வாங்கினார். வங்கி கொடுத்ததும் பாசத்தில் இல்லை, கம்பெனி மூழ்கினால் பழைய கடனும் போய்விடும் என்ற கவலையில். அதே இதழின் அட்டைக்காக நியூயார்க்குக்கு அனுப்பிய முதல் மெஷின் வழியில் தொலைந்துபோனது. 1975 ஜனவரி அட்டையில் நீங்கள் பார்ப்பது விளக்கும் சுவிட்சும் மட்டும் வைத்த காலிப் பெட்டி. ஆல்டெய்ர் 8800, கிட் 397 டாலர்.

அது எப்படிப்பட்ட கம்ப்யூட்டர் என்று கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். விசைப்பலகை இல்லை, திரை இல்லை, 256 பைட்டு மெமரி. இரண்டையும் மூன்றையும் கூட்ட வேண்டும். கால்குலேட்டரில் 2, +, 3, = என்று நான்கு அழுத்தல். ஆல்டெய்ரில் முன்பக்க சுவிட்சுகளை மேலும் கீழுமாக வைத்து முதலில் 00111110 கொடுக்க வேண்டும். ‘அடுத்து வரும் எண்ணை ஏ-யில் வை’ என்று பொருள் (ஏ என்பது சிப்புக்குள் இருக்கும் ஒரு ரிஜிஸ்டர்). ஒரு சுவிட்சைத் தட்டி அதை மெமரிக்குள் தள்ள வேண்டும். பிறகு 00000010, அதாவது 2. தள்ளு. 11000110, ‘அடுத்து வரும் எண்ணை ஏ-யோடு கூட்டு’. தள்ளு. 00000011, அதாவது 3. தள்ளு. 00110010, ‘விடையை இந்த முகவரியில் போடு’. முகவரிக்கு இரண்டு பைட்டு. கடைசியாக 01110110, ‘நில்’. எட்டு பைட்டு, 64 சுவிட்ச் நிலைகள். ஓடவிட்டு, நிறுத்தி, விடை இருக்கும் முகவரியைத் தேடிப் பார்த்தால் 00000101 என்று இரண்டு சிவப்பு விளக்கு எரியும். ஐந்து!

நம் ஊரில் ஈசிஇ, ஈஈஈ படித்தவர்களுக்கு இப்போது கை பரபரத்திருக்கும். லேபில் 8085 கிட்டில் 4100 என்று முகவரி கொடுத்து, 3ஈ, 02, சி6, 03, 32 என்று (மேலே சொன்ன 0, 1 வரிசைகளின் சுருக்க வடிவம்) தட்டி 76ல் முடித்தீர்களே, அதேதான். 8080க்கு எழுதியது 8085லும் ஓடும். அந்தக் கிட்டின் முகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? சதுரப் பொத்தான்கள், மேலே சிவப்பு எண்கள். அச்சு அசல் கால்குலேட்டர் முகம்.

நான்கு அழுத்தலில் முடியும் வேலைக்கு 64 சுவிட்ச் போடும் மெஷினை 800 பேராவது வாங்குவார்களா என்ற சந்தேகம் யாருக்கும் வரும். சில மாதங்களிலேயே ஆயிரக்கணக்கில் ஆர்டர் வந்து குவிந்தது. காரணம் எளிது. கால்குலேட்டர் செய்யும் வேலையைத் தொழிற்சாலையில் எவனோ தீர்மானித்துவிட்டான். ஆல்டெய்ர் என்ன செய்யும் என்பதை வாங்கியவன் தீர்மானித்தான். அந்த அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் பால் ஆலனும் பில் கேட்சும் அதற்கு பேசிக் எழுதினார்கள். மைக்ரோசாஃப்ட் பிறந்தது அல்புகர்க்கியில்தான். ராபர்ட்ஸ் 1977ல் கம்பெனியை விற்றுவிட்டு மருத்துவம் படித்து, ஜார்ஜியா மாநிலத்தின் காக்ரன் என்ற சின்ன ஊரில் டாக்டராக இருந்து 2010ல் காலமானார்.

அடுத்தது கமோடோர் கம்பெனி, அதை நடத்திய ஜாக் டிராமியெல். போலந்தின் லோட்ஸ் நகரில் பிறந்து, ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர்தப்பி, அமெரிக்க ராணுவத்தில் டைப்ரைட்டர் ரிப்பேர் கற்று, டைப்ரைட்டரிலிருந்து கூட்டல் மெஷின், அதிலிருந்து எலக்ட்ரானிக் கால்குலேட்டர் என்று ஏறி வந்தவர். சிப் வாங்கியது டெக்சாஸிடம். 1975ல் அவர்கள் விலையை அறுத்தபோது கமோடோர் கையில் தேங்கிய கால்குலேட்டர்களை அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டியதாயிற்று. டிராமியெல் கற்ற பாடம் ஒன்று: சிப்புக்கு இன்னொருவன் வாசலில் நிற்கக்கூடாது. 1976ல் பென்சில்வேனியாவின் மாஸ் டெக்னாலஜியையே வாங்கிவிட்டார். கால்குலேட்டர் சிப்பும் செய்த கம்பெனி அது; அதே விலைச் சரிவில் நொந்துபோயிருந்தது.

கால்குலேட்டர் சிப்புக்காக வாங்கிய வீட்டில் ஒரு புதையலும் இருந்தது: மாஸ் பொறியாளர் சக் பெடில் குழுவின் 6502 மைக்ரோபிராசசர். முந்தைய வருடம் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் அதை 25 டாலருக்கு விற்றிருந்தார்கள். மற்றவர்களின் சிப் அதைவிடப் பல மடங்கு விலை. அரங்கில் கைக்குக் கை விற்கக்கூடாது என்று சொல்லிவிட்டதால் ஓட்டல் அறையில் கடை போட்டார்கள். பெரிய கண்ணாடி ஜாடி நிறையச் சிப், பெட்டிக்கடை கமர்கட்டு மாதிரி. ஜாடி நிறைந்திருந்தால்தான் கம்பெனி நிறையத் தயாரிக்கிறது என்று ஜனங்கள் நம்புவார்கள். அடியில் கிடந்தவை வேலை செய்யாத சிப்புகள், மேலே இருந்தவைதான் நல்லவை என்று பெடில் பின்னால் சொன்னார். அந்த அறையில் ஒன்றை வாங்கிப்போனவர்களில் ஸ்டீவ் வாஸ்னியாக்கும் ஒருவர். அவருக்கு அப்போது வேலை எச்.பி.யில், கால்குலேட்டர் பிரிவில். தன் கம்ப்யூட்டர் டிசைனை எச்.பி.யிடம் திரும்பத் திரும்பக் காட்டினார்; வேண்டாம் என்றார்கள். தன் எச்.பி. 65 கால்குலேட்டரை விற்ற காசைப் போட்டு ஆப்பிளை ஆரம்பித்தார்.

கால்குலேட்டர் காலம் முடிந்துவிட்டது, கம்ப்யூட்டர் செய்யலாம் என்று பெடில் டிராமியெலிடம் சொன்னார். 1977 ஜனவரியில் பெட் கம்ப்யூட்டரின் மாதிரி தயார். அதைப் பார்த்தால் கம்பெனியின் பழைய வாழ்க்கை முழுவதும் தெரியும். ஆபீஸ் சாமான் விற்ற கமோடோருக்குக் கனடாவில் ஃபைல் பீரோ தொழிற்சாலை இருந்தது. பெட்டின் இரும்புப் பெட்டி அங்கே வளைத்தது. விசைப்பலகை கால்குலேட்டர் பொத்தான் மாதிரிச் சின்னச் சின்னச் சதுரங்கள். பத்து விரலால் தட்டப் பழகியவர்கள் சபித்தார்கள். கால்குலேட்டர்க்காரன் கையில் இருந்ததை வைத்துக் கம்ப்யூட்டர் செய்தால் இப்படித்தான் இருக்கும். டெக்சாஸ் கம்பெனி 1979ல் விட்ட 99/4 கம்ப்யூட்டரிலும் அதே கால்குலேட்டர் பொத்தான்கள்தான்.

அங்கே பழைய கணக்கு தீர்ந்தது. 1982, 83ல் கமோடோரும் டெக்சாஸும் வீட்டுக் கம்ப்யூட்டரில் மோதினார்கள். இப்போது டிராமியெலிடமும் சொந்தச் சிப் தொழிற்சாலை. விலையை வெட்டிக்கொண்டே போனார். 525 டாலருக்கு வந்த டெக்சாஸ் 99/4ஏ 100 டாலருக்கு இறங்கி, 1983 இரண்டாம் காலாண்டில் மட்டும் அந்தக் கம்பெனிக்கு நூறு மில்லியன் டாலருக்கு மேல் நஷ்டம். அக்டோபரில் வீட்டுக் கம்ப்யூட்டரை விட்டே விலகிவிட்டது. கால்குலேட்டரில் தனக்கு நடந்ததை டிராமியெல் அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

இங்கிலாந்தில் கிளைவ் சின்க்ளேர் கதையும் கிட்டத்தட்ட இதே வழி. 1972ல் மெல்லிசான பாக்கெட் கால்குலேட்டர், பிறகு விலைச் சரிவு, நஷ்டம், பிறகு கால்குலேட்டர் திரையும் சின்னப் பொத்தான்களும் வைத்த எம்கே14 கிட், 1980ல் நூறு பவுனுக்கும் கீழே இசட்எக்ஸ்-80. உள்ளே இசட்-80 வகைச் சிப். பிசிகாமின் அதே ஷிமாவின் கைவேலை. ஜப்பானின் ஷார்ப், கேசியோ மட்டும் விரட்டப்படவில்லை. ஷார்ப் சிப்பும் திரையும் சொந்தத்தில் செய்தது, 1973லேயே எல்சிடி திரைக்குப் போய் பேட்டரிச் செலவைச் சுருக்கியது. இரண்டு கம்பெனிகளும் கால்குலேட்டரையும் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரும் விற்றன. ஸ்வீடனின் ஃபேசிட் (டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள்) பல்சக்கர மெஷினில் கில்லாடி. அதன் தொழிலாளிகள் இரும்பில் வித்தை தெரிந்தவர்கள், சிப்பில் இல்லை. 1970களின் தொடக்கத்தில் எலக்ட்ரோலக்ஸ் அதை வாங்கிக்கொண்டது. அந்த ஊழியர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கும். அவர்கள் வேலையில் எந்தக் குறையும் இல்லை.

இந்தியாவிலும் இது நடந்தது. திருச்செந்தூர்ப் பக்கத்தில் பிறந்து, கோவை பிஎஸ்ஜி டெக்கில் படித்த ஷிவ் நாடார், டெல்லியில் டிசிஎம் கம்பெனியின் கால்குலேட்டர் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1970களின் நடுவில் சில சகாக்களோடு வெளியே வந்து மைக்ரோகாம்ப் என்ற கம்பெனியை ஆரம்பித்தார். கம்ப்யூட்டர் செய்வதுதான் ஆசை. அதற்குக் கையில் காசு இல்லை. தெரிந்த தொழில் கால்குலேட்டர், அதை விற்றார்கள். 1976ல் உத்தரப் பிரதேச அரசு 26 சதவீதப் பங்கு எடுக்க, எச்.சி.எல். உருவானது. அந்நியச் செலாவணிச் சட்டத்தின் நெருக்கடியில் 1978ல் ஐபிஎம் இந்தியாவை விட்டுப் போனது. அதே வருடம் எச்.சி.எல்.லின் 8சி கம்ப்யூட்டர் வந்தது. அதை டிசைன் செய்துகொண்டிருந்த காலத்தில் கம்பெனிக்குச் சோறு போட்டது கால்குலேட்டர் விற்ற காசு.